காறையடி நாளமா, கீழ்க்காறை நாளமா? ஒரு சொல்லைச் சோதித்த கடிதங்கள்

கல்முனை, மொழிபெயர்ப்பு

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம்.

டயலிசிஸ் (இயந்திரத்தால் இரத்தச் சுத்திகரிப்பு) செய்துகொள்வோருக்கும் அவர்களுடைய வீட்டாருக்குமான எட்டுப் பக்கக் கைந்நூல் ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறோம். ஆறாம் பக்கத்தில் ஒரே ஒரு சொல்லில் வேலை நிற்கிறது: சப்கிளேவியன் வெயின், அதாவது கழுத்துக்கும் தோளுக்கும் இடையிலுள்ள காறையென்பின் அடியால் ஓடி, கையிலிருந்து குருதியை இதயத்துக்குத் திருப்பும் பெரிய குழாய். கைக்கு எட்டிய குறிப்புகளில் கீழ்க்காறை நாளம், காறையென்புக் கீழ்நாளம், காறைக்கீழ்ச் சிரை, சப்கிளேவியன் நாளம் என்று நாலு வடிவம் கிடக்கிறது. நாலும் ஒரே குழாய்தான் என்பது படித்தவருக்குத் தெரியும். வீட்டில் இருந்து வாசிக்கும் தாய்க்குத் தெரியாது.

எந்தச் சொல்லை எடுத்தாலும் கீழே உள்ள மூன்று வசனத்திலும் அது இடறாமல் பொருந்த வேண்டும்.

"பின்னாளில் டயலிசிஸ் தேவைப்படக்கூடியவரின் (இந்த) நாளத்தில் குழாய் போடுவதைத் தவிர்ப்பது நல்லது."

"இடப்பக்க (இந்த) நாளம் உட்கழுத்து நாளத்தோடு சேரும் மூலையில் நெஞ்சறைக் கான் திறக்கிறது."

"(இந்த) நாளம் அடைபட்டால் அந்தப் பக்கக் கை முழுவதும் வீங்கும்."

முதலாவது வசனம் நோயாளிக்கு, இரண்டாவது உயர்தர மாணவருக்கு (நெஞ்சறைக் கான் என்பது நிணநீரைக் குருதியில் சேர்க்கும் குழாய்), மூன்றாவது இருவருக்கும். ஒரே சொல் மூவிடத்திலும் நிற்குமானால் அதையே வைத்துக்கொள்வோம்.


மட்டக்களப்பு, உடற்கூற்றியல் கற்பிப்பவர்

அன்பின் தம்பி,

பெயரைப் பிறகு பார்ப்போம். முதலில் பொருளைக் கையில் எடுப்போம். உலர்ந்த முதலாம் விலாவென்பு ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். மற்ற விலாக்கள் போல நீண்டிராது. குட்டையாக, அகலமாக, தட்டையாக, கதிர் அறுக்கும் அரிவாளின் வளைவோடு இருக்கும். மேற்பரப்பில் உள்விளிம்பை ஒட்டிப் பெருவிரலால் தடவினால் சிறு முண்டு ஒன்று தட்டுப்படும். கழுத்துத் தசைகளில் ஒன்றான முன் ஸ்கேலீன் தசை வந்து பிடிப்பது அதில்தான். முண்டுக்கு முன்னே ஆழமில்லாத ஒரு தவாளிப்பு, பின்னே இன்னொரு தவாளிப்பு. முன் தவாளிப்பில் கிடப்பது நாம் பெயர் தேடும் நாளம். பின் தவாளிப்பில் கிடப்பது அதே பெயரைப் பங்கிடும் நாடி (தமனி). இரண்டுக்கும் இடையில் அந்தத் தசை ஒரு திரைபோல நிற்கிறது. கையிலும் காலிலும் நாடியும் நாளமும் ஒன்றோடொன்று ஒட்டியே ஓடுவதைப் பார்த்துப் பழகிய மாணவர் இங்கேதான் தடுமாறுவார். இங்கே நாளம் முன்னே, சற்றுக் கீழே. நாடி பின்னே, சற்று மேலே.

குழாய் தொடங்கும் எல்லை முதலாம் விலாவின் வெளிவிளிம்பு. அதுவரை அதே குழாய்க்கு அக்குள் நாளம் என்று பெயர். அங்கிருந்து 3 முதல் 4 சென்ரிமீற்றர்தான் அதன் நீளம். காறையென்பின் உள்முனைக்குப் பின்னால் உட்கழுத்து நாளத்தோடு சேர்ந்து புயத்தலை நாளமாகிறது. இரு பக்கப் புயத்தலை நாளங்களும் கூடி மேற்பெருநாளம். அது வலது சோணையறைக்குள் இறங்குகிறது. நீளத்தைப் பார்த்தால் சின்னக் குழாய். ஆனால் விரல் நுனி முதல் தோள் வரை ஒரு கைக்குள் போன குருதியில் ஏறக்குறைய எல்லாமே இதன் வழியாகத்தான் இதயத்துக்குத் திரும்புகிறது. வளர்ந்தவரில் விட்டம் 1 முதல் 2 சென்ரிமீற்றர். மூச்சுக்கும் படுக்கும் நிலைக்கும் ஏற்ப மாறும். வழியில் வந்து சேரும் முக்கிய கிளை வெளிக்கழுத்து நாளம். முடிவிடத்துக்கு ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் முன்னே ஒரு சோடி வால்வு உண்டு. அதைத் தாண்டிய புயத்தலை நாளத்திலும் மேற்பெருநாளத்திலும் வால்வு கிடையாது. மார்பறைக்குள் அமுக்கம் ஏறும்போது, உதாரணமாக இருமும்போது, குருதி கைப்பக்கம் திரும்பிப் பாயாமல் இந்தச் சோடி தடுக்கிறது.

இனி முக்கியமான ஒன்று. இந்த நாளத்தின் சுவர் சும்மா தொங்கிக்கொண்டு இருப்பதில்லை. காறையென்பின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் சிறு தசையின் உறையோடும், முதலாம் விலாவின் என்புறையோடும், சுற்றியுள்ள இழையப் படலத்தோடும் பிணைந்திருக்கிறது. உடலில் குருதி குறைந்தால் முழங்கை மடிப்பில் தெரியும் நாளம் சுருங்கி மறைந்துவிடும். இது வாய் மூடாது; சுற்றுக்கட்டுகள் சுவரை இழுத்துப் பிடித்திருக்கும். மூச்சை உள்ளிழுக்கையில் மார்பறை அமுக்கம் குறைந்து குருதி இதயத்தை நோக்கி இழுபடுகிறது. அந்த இழுவையிலும் குழாய் ஒடுங்காமல் இருப்பதற்கு இந்தப் பிணைப்பே காரணம்.

நாளத்துக்கும் முன் ஸ்கேலீன் தசைக்கும் இடையால், மூச்சுத் தசையான பிரிமென்றகட்டை இயக்கும் பிரிமென்றகட்டு நரம்பு இறங்குகிறது. விலாவின் உள்வளைவுக்குள், நாளத்துக்குப் பின்னும் கீழுமாக, சுவாசப்பையைப் போர்த்திய புடைச்சவ்வின் கூரையும் சுவாசப்பையின் உச்சியும் இருக்கின்றன. இடையில் சில மில்லிமீற்றர்தான்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். இலத்தீனில் இந்த முன்னொட்டு "கீழ்", "அடி" இரண்டையும் குறிக்கும். கிளாவிகுலா என்றால் சிறு சாவி. கையை மேலே தூக்கும்போது அந்த என்பு தன் அச்சில் சாவிபோலத் திரும்புவதையும் அதன் வடிவத்தையும் வைத்து அப்பெயருக்கு விளக்கம் சொல்வார்கள். தமிழில் நமக்குச் சாவி வேண்டியதில்லை. காறை என்று கழுத்தைச் சுற்றி அணியும் வளையத்தைச் சொன்னோம். அந்த அணி படியும் இடத்து என்பு காறையென்பு. தமிழர் உடலைப் பார்த்து இட்ட பெயர் அது. அதை விட்டுவிட்டுத் "திறவுகோல் என்பு" என்று இரவல் வாங்கத் தேவையில்லை.


அக்கரைப்பற்று, உயர்தர உயிரியல் ஆசிரியர்

சேர் சொன்ன உடலமைப்பின்படி பார்த்தால் "கீழ்க்காறை" என்ற வடிவம் பிழையான இடத்துக்கு மாணவரைக் கொண்டுபோகும். நம்முடைய பாடத்தில் மேற்பெருநாளம், கீழ்ப்பெருநாளம் என்று சோடியாகப் படிப்பிக்கிறோம். அங்கே மேலும் கீழும் ஒரே பெயருள்ள இரண்டு குழாய்களைப் பிரித்துக் காட்டுகின்றன. அந்தப் பழக்கத்தில் "கீழ்க்காறை நாளம்" என்று கண்டவுடன் மாணவர் "மேற்காறை நாளம் எங்கே?" என்று கேட்பார். இன்னொரு சிக்கல்: காறையே இரண்டு என்றும் இது கீழ்க்காறையின் நாளம் என்றும் பிரித்துப் படிக்கலாம். கீழ்த்தாடை, கீழுதடு எல்லாம் அப்படித்தான் பிரிகின்றன. ஆக அந்த வடிவம் இரண்டு வழியில் பிழை.

"காறையென்புக் கீழ்நாளம்" பொருளில் சரி. ஆனால் மேலே சொன்ன மூன்று வசனத்திலும் வைத்து வாசித்துப் பாருங்கள். "இடப்பக்கக் காறையென்புக் கீழ்நாளம் உட்கழுத்து நாளத்தோடு..." மூச்சு வாங்குகிறது. இதற்கு மேல் "அடைப்பு", "ஒடுக்கம்", "தவாளிப்பு" சேர்க்க வந்தால் சொல் வண்டிபோல நீளும்.

நமக்கு ஏற்கெனவே ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. தோலுக்குள்ளே அல்லாமல் தோலின் அடியில் போடும் ஊசி தோலடி ஊசி. நாக்கின் அடியில் உள்ள சுரப்பி நாவடிச் சுரப்பி. இரண்டும் மாணவருக்குப் பழக்கம். அதே அச்சில் வார்த்தால் காறையடி நாளம். நாடிக்குக் காறையடி நாடி, சேர் சொன்ன சிறு தசைக்குக் காறையடித் தசை, விலாவில் உள்ள பள்ளத்துக்குக் காறையடி நாளத் தவாளிப்பு. ஒரு வேரிலிருந்து நாலு சொல் இழுக்காமல் வருகின்றன. என்னைப் பொறுத்தவரை கலைச்சொல் ஒன்றுக்கு இதுதான் முதற் சோதனை: தனியாக அழகாக இருந்தால் போதாது, பிள்ளை பெற வேண்டும்.

எழுத்தையும் சொல்லிவிடுகிறேன். இது வல்லின றகரம். காரைதீவு என்று எழுதி எழுதிப் பழகிய நம் பக்கத்துக் கைகளுக்கு "காரையடி" என்றுதான் முதலில் வரும். காரை என்றால் சுவருக்குப் பூசும் சாந்து. ஒரு முட்செடிக்கும் அதுவே பெயர். சாந்துக்கு அடியில் நாளம் ஓடாது. தட்டச்சுப் படியில் இதை இரண்டு தரம் பார்க்க வேண்டும்.


சம்மாந்துறை, மருந்தாளர்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

எனக்கு இரண்டு தயக்கம். "அடி" என்று கேட்டால் நம் சனத்துக்கு முதலில் வருவது பட்ட அடிதான். "காறையடி" என்றால் காறையெலும்பில் அடிபட்ட காயம் என்று எடுக்க மாட்டார்களா? விபத்தில் அந்த எலும்பு முறிவது சாதாரணம்.

இரண்டாவது: நோயாளி வேறு ஊர் வைத்தியசாலைக்குப் போனால் அவரிடம் உள்ள அட்டையில் சப்கிளேவியன் என்றுதான் இருக்கும். கைந்நூலில் காறையடி என்று படித்தவர் இரண்டையும் எப்படிப் பொருத்துவார்? ஒலிபெயர்ப்பையே வைத்தால் இந்தக் குழப்பம் வராது.


அக்கரைப்பற்று, உயர்தர உயிரியல் ஆசிரியர்

முதலாவதற்குப் பதில் நம் ஊர்ப் பெயர்களிலேயே இருக்கிறது. கல்லடி, பிள்ளையாரடி. கல்லால் அடித்தது என்று கல்லடியை யாரும் எடுப்பதில்லை. புளியடியில் நில் என்றால் மரத்தின் வேருக்குள் போய் நிற்பதில்லை. அதன் அணைவில், அதன் நிழல் விழும் இடத்தில் நிற்போம். இந்த "அடி" கீழ், பக்கம், அண்மை மூன்றையும் ஒருங்கே தாங்குகிறது. சேர் சொன்ன நாளமும் சரியாக அப்படித்தான் இருக்கிறது: என்புக்கு நேர் கீழே என்றும் சொல்ல முடியாது, நேர் பின்னே என்றும் சொல்ல முடியாது, அதன் அணைவில். "நாளம்" என்ற சொல் கூடவே வருவதால் காயம் என்ற பொருள் எழ இடமில்லை. தனியே "காறையடி" என்று எங்கும் எழுதக் கூடாது என்று ஒரு குறிப்பு வைத்தால் போதும்.

ஒலிபெயர்ப்பு பற்றி மருந்தாளர் நாநா சொன்னது நியாயம். ஆனால் அதற்காகப் பெயரையே விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. கைந்நூலில் முதல் தடவை வரும் இடத்தில் "காறையடி நாளம், வைத்தியசாலையில் இதைச் சப்கிளேவியன் என்பார்கள்" என்று ஒரு வரி. காதால் கேட்ட சொல்லும் கண்ணால் கண்ட சொல்லும் அந்த ஒரு வரியில் சேர்ந்துவிடும்.


மட்டக்களப்பு, மயக்க மருந்து வைத்தியர்

"அடி" என்பதற்கு வேலைத்தளத்திலிருந்து இன்னொரு ஆதாரம் தருகிறேன். நிற்கும் மனிதனில் இந்த நாளம் காறையென்புக்குப் பின்னே இருக்கிறது. ஆனால் ஊசி போடும்போது ஆள் மல்லாந்து கிடப்பார். அப்போது என்பு மேலே, நாளம் அதன் அடியில். பெயரைக் கேட்டவர் கை எங்கே போக வேண்டுமோ அங்கே போகும்.

செய்முறையைச் சற்று விரித்து எழுதுகிறேன். தாதியர் பயிற்சிக் குறிப்புக்கும் இதே சொற்கள் தேவைப்படும். கட்டிலின் தலைப்பக்கம் 10 முதல் 15 பாகை தாழ்த்தப்படும். நாளம் நிரம்பும், அதைவிட முக்கியமாக, துளை திறந்திருக்கும் கணத்தில் காற்று உள்ளே இழுபடாது. சேர் சொன்ன அந்தத் திறந்த வாய் குருதி ஏற்றுவதற்கு எவ்வளவு வசதியோ, காற்றுப் புகுவதற்கும் அவ்வளவு வசதி. கை உடலோடு ஒட்டியிருக்கட்டும். தோலை மதுசாரத்தில் கரைத்த குளோர்ஹெக்சிடினால் துடைத்து, தானாக உலர விட வேண்டும். ஈரத்தின் மேல் துணி விரித்தால் கிருமிநாசினி தன் வேலையை முடித்திருக்காது.

காறையென்பின் உட்பக்க மூன்றிலொரு பங்கும் நடு மூன்றிலொரு பங்கும் சந்திக்கும் இடத்தில் என்பு வளைகிறது. அந்த வளைவுக்கு 1 முதல் 2 சென்ரிமீற்றர் கீழே ஊசி தோலுக்குள் போகும். முனை தொண்டைக்குழியை நோக்கியிருக்கும். மற்றக் கையின் சுட்டுவிரலைத் தொண்டைக்குழியில் வைத்துக்கொண்டால் குறி தவறாது. ஊசி என்பின் அடிவிளிம்பைத் தொட்டு, அடியால் வழுக்கி, நிலத்துக்குச் சமாந்தரமாகப் போக வேண்டும். என்பு தடுத்தால் ஊசியின் பின்பக்கத்தை உயர்த்தி முனையைக் கீழே சாய்க்கத் தோன்றும். அந்தச் சாய்வில்தான் முனை புடைச்சவ்வுக்குள் இறங்குகிறது. சாய்க்காமல், பெருவிரலால் தோலோடு சேர்த்து ஊசியை முழுதாக அமுக்கி, அதே மட்டத்தில் அடியால் நுழைக்க வேண்டும்.

சிரிஞ்சியை மெல்லப் பின்னிழுத்தபடியே போகையில் கருஞ்சிவப்புக் குருதி தாராளமாக வந்தால் அது நாளம். பளிச்சென்ற சிவப்பில் துடித்து வந்தால் நாடி. ஊசியை எடுத்துவிட்டு அழுத்த வேண்டும். ஆனால் என்பு மேலே மூடியிருப்பதால் விரல் நேராகப் போய்ச் சேராது. ஆதலால் குருதி உறையும் தன்மை குறைந்தவருக்கு இந்த இடம் முதல் தெரிவாகாது. நாளம் கிடைத்ததும் ஊசிக்குள்ளால் வழிகாட்டிக் கம்பி, கம்பியின் மேலால் கத்தீற்றர் என்ற மென்குழாய். 1952இல் ஒபானியாக் என்ற பிரெஞ்சு மருத்துவர் இந்த நாளத்தைத் துளைக்கும் வழியை விவரித்தார். 1953இல் சுவீடனின் செல்டிங்கர் கம்பி வழியைச் சொன்னார். இன்றைய முறை இரண்டின் சேர்க்கை. கம்பி 18 சென்ரிமீற்றரைத் தாண்டி உள்ளே போனால் இதயச் சுவரைச் சுரண்டித் துடிப்பைக் குழப்பும். ஈசீஜீ திரையில் தாறுமாறான துடிப்பு வந்தால் கம்பியைச் சற்றுப் பின்னிழுக்க வேண்டும். கம்பியின் மறுமுனையைக் கையிலிருந்து ஒருபோதும் விடக்கூடாது. வளர்ந்தவரில் கத்தீற்றர் வலப்பக்கம் ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர், இடப்பக்கம் அதைவிட 2, 3 கூட. முனை மேற்பெருநாளம் சோணையறையைத் தொடும் இடத்தில் இருக்க வேண்டும். சிலவேளை அது மேலே திரும்பி உட்கழுத்து நாளத்துக்குள் ஏறிவிடும். எக்ஸ்ரே எடுக்காமல் இது தெரியாது. சுவாசப்பையைச் சுற்றிக் காற்றுப் புகுந்திருக்கிறதா என்பதையும் அதே எக்ஸ்ரேயில் பார்க்கலாம்.

பெயருக்குத் திரும்ப வருகிறேன். ஸ்கான் பார்த்து ஊசி போடும்போது ஒரு சிக்கல் இருக்கிறது. காறையென்பு ஒலியலையைத் தடுத்து அடியில் கறுப்பு நிழலை விழுத்துகிறது. அதனால் கருவியைக் கைப்பக்கம் நகர்த்திப் பார்க்கிறோம். அங்கே திரையில் தெரிவது பெரும்பாலும் முதலாம் விலாவுக்கு வெளியே உள்ள அக்குள் நாளம். ஏட்டிலோ "காறையடி" என்று எழுதப்படும். துளைத்த இடம் வேறு, முனை கடந்து போன இடம் வேறு. இரண்டையும் தனித்தனியே பதிய வேண்டும்: "அக்குள் நாளத்தால் நுழைந்து காறையடி நாளத்தூடாக." மிக உட்பக்கமாகத் துளைத்தால் வேறொரு பிசகு வரும். காறையென்பும் முதலாம் விலாவும் கத்தரிக்கோல்போலச் சந்திக்கும் ஒடுங்கிய இடத்தில் கத்தீற்றர் மாட்டி நசிந்து, நாள்பட்டால் ஒடிந்தே விடும். கையைக் கீழே விட்டால் மருந்து ஏறாமல் நிற்பதும், தூக்கினால் ஏறுவதும் அதன் முதல் அறிகுறி.

2015இல் பிரான்சில் 3471 கத்தீற்றர்களை வைத்துக் காறையடி, கழுத்து, தொடை ஆகிய மூன்று இடத்து நாளங்களையும் ஒப்பிட்டார்கள். குருதியில் கிருமித் தொற்றும் அறிகுறி காட்டும் இரத்தக் கட்டியும் காறையடியில்தான் குறைவு. ஆனால் குழாய் வைத்துக் காற்றை எடுக்க வேண்டிய அளவுக்குச் சுவாசப்பை சுருங்கியது காறையடியில் நூற்றுக்கு 1.5, கழுத்தில் 0.5.


காத்தான்குடி, தாதிய உத்தியோகத்தர்

டொக்டர் எழுதியதோடு சேர்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. வார்டில் நோயாளியும் சொல்வார், நாங்களும் சொல்வோம்: "நரம்பு பிடிபடுதில்ல." நாளத்தைத்தான் நரம்பு என்கிறோம். கையில் கனுலா போடும்வரை இதனால் கெடுதல் இல்லை. காறையென்பின் அடியில் குழாய் போட ஒப்புதல் கேட்கும்போது "தோள் நரம்பில குழாய்" என்று சொன்னால் வீட்டார் முகம் மாறிவிடும். கை விளங்காமல் போய்விடும் என்று எண்ணுவார்கள். ஆகவே நாளம் என்ற சொல்லைத் தனியே விடக்கூடாது. முதல் தடவை "காறையடி நாளம், அதாவது கையிலிருந்து இதயத்துக்கு இரத்தம் திரும்பிப் போகும் பெரிய குழாய்" என்று எழுதுங்கள். கைந்நூலில் குருதி வேண்டாம், இரத்தம் என்றே இருக்கட்டும். நாடிக்கும் எச்சரிக்கை தேவை: நாடி பிடித்துப் பார்ப்பது ஒன்று, முகத்தின் நாடி ஒன்று. "காறையடி நாடி" வீட்டாருக்கான பக்கத்தில் வரவே வேண்டாம்.

குழாய் இருக்கும் ஆளுக்கான பக்கத்தில் இவை வரட்டும். உள்ளே தெரியும் ஒட்டுத்தாள் என்றால் 7 நாளுக்கு ஒருமுறை, பஞ்சுத்துணிக் கட்டு என்றால் 2 நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நனைந்தாலோ கழன்றாலோ அப்போதே. மூடியைத் திறக்க முன் மதுசாரத் துணியால் 15 வினாடி அழுத்தித் தேய்த்து உலர விட வேண்டும். கழுவிவிட 10 மில்லிலீற்றர் சேலைன், 10 மில்லிலீற்றர் சிரிஞ்சியில். சின்னச் சிரிஞ்சியில் அமுக்கம் கூடுதலாக ஏறும், அடைபட்ட குழாய் வெடித்துவிடும். இது தாதியருக்கான வரி. வீட்டார் குழாயைத் திறக்கவே கூடாது என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

கழற்றும்போது ஆள் உட்கார்ந்த நிலையில் இருக்கக்கூடாது. படுக்க வைத்து, தலையைத் தாழ்த்தி, மூச்சை வெளிவிடும்போது இழுக்க வேண்டும். 5 நிமிடமாவது அழுத்திப் பிடித்து, காற்றுப் புகாத கட்டை ஒரு நாள் முழுதும் வைத்திருக்க வேண்டும். திடீரென்று மூச்சுத் திணறினால் துளையை உடனே அழுத்தி மூடி, இடப்பக்கமாகச் சரித்துத் தலையைத் தாழ்த்தி, ஒட்சிசன் கொடுத்துக்கொண்டே வைத்தியரைக் கூப்பிட வேண்டும்.


மட்டக்களப்பு, உடற்கூற்றியல் கற்பிப்பவர்

இரண்டாவது வசனத்தில் "இடப்பக்க" என்பதை ஒருபோதும் விடக்கூடாது. நெஞ்சறைக் கான் திறப்பது இடது மூலையில். இரு கால்கள், வயிறு, இடது மார்பு, இடது கை, தலையின் இடப்பாதி ஆகியவற்றின் நிணநீர் முழுவதும் அங்கே வந்து குருதியில் கலக்கிறது. நாளொன்றுக்கு 2 முதல் 3 லீற்றர் அளவில். குடலில் உறிஞ்சிய கொழுப்பும் இந்த வழியால்தான் போகிறது. ஆகவே நெய்ச்சோறு உண்ட பின் அந்த நிணநீர் பால்போல வெளுத்திருக்கும். வலக்கை, வலது மார்பு, தலையின் வலப்பாதிக்கு மட்டும் வலது மூலையில் வேறொரு குட்டைக் கான். இடப்பக்கம் ஊசி கானைக் கிழித்தால் காயத்தில் பால்நிறத் திரவம் கசியும், அல்லது மார்பறைக்குள் தேங்கும். வலப்பக்கத்தை முதலில் எண்ணுவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தப் பக்கத்துப் புடைச்சவ்வுக் கூரை சற்றுத் தாழ்ந்திருப்பது இன்னொரு காரணம்.


கல்முனை, மொழிபெயர்ப்பு

எல்லோருக்கும் நன்றி. ஆறாம் பக்கத்தின் வரைவு இது, திருத்துங்கள்.

"காறையடி நாளம் என்பது கையிலிருந்து இதயத்துக்கு இரத்தம் திரும்பிப் போகும் பெரிய குழாய். கழுத்துக்கும் தோளுக்கும் இடையே கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய காறையெலும்பின் அடியில் இருக்கிறது. வைத்தியசாலையில் இதைச் சப்கிளேவியன் என்பார்கள். பின்னாளில் டயலிசிஸ் தேவைப்படக்கூடியவரின் காறையடி நாளத்தில் குழாய் போடுவதைத் தவிர்ப்பது நல்லது. குழாய் உரசிய இடத்தில் நாளத்தின் உட்சுவர் தடித்து வழி ஒடுங்கலாம். குழாயை எடுத்த பிறகும் அந்த ஒடுக்கம் நிற்கலாம். அந்தக் கையில் பிறகு பிஸ்டியூலா (டயலிசிஸுக்காகக் கையின் இரத்தக் குழாய்களை இணைத்துச் செய்யும் வழி) செய்தால் இரத்தம் வேகமாக வரும், ஒடுங்கிய வாயால் வெளியேற முடியாமல் கை வீங்கும், பிஸ்டியூலா பயன்படாமல் போகலாம். ஆகவே முதலில் வலது கழுத்து நாளத்தையே தெரிவு செய்வார்கள்."


மட்டக்களப்பு, மயக்க மருந்து வைத்தியர்

சரியாக இருக்கிறது. அமெரிக்க தேசிய சிறுநீரக அறக்கட்டளையின் வழிகாட்டியும் வலது உட்கழுத்து நாளத்தைத்தான் முதலில் வைக்கிறது. "தவிர்ப்பது நல்லது" என்பதை "இயன்றவரை தவிர்க்க வேண்டும்" என்று இறுக்குங்கள். வேறு வழியே இல்லாதவருக்குப் போடத்தான் வேண்டியிருக்கும். ஆனால் "நல்லது" என்றால் ஆலோசனைபோலக் கேட்கிறது.

கை வீங்கும் மூன்றாவது வசனத்துக்கு இன்னொரு காரணத்தையும் சேர்க்கலாம். குழாயே போடாத, திடகாத்திரமான இளைஞருக்கும் இந்த நாளம் அடைபடும். கையைத் தோளுக்கு மேல் தூக்கி மறுபடி மறுபடி வீசும்போது காறையென்புக்கும் முதலாம் விலாவுக்கும் இடையில் நாளம் நசிகிறது. வாவியில் வீச்சுவலை எறியும் கையையும் வேகப்பந்து வீசும் கையையும் கண்முன் கொண்டுவந்தால் அசைவு விளங்கும். நசிந்த இடத்தில் உட்சுவர் காயப்பட்டு இரத்தம் கட்டியாகும். 1875இல் பாஜெற்றும் 1884இல் வொன் ஷ்ரோட்டரும் தனித்தனியே சொன்ன நோய் இது. ஒரே நாளில் கை முழுவதும் வீங்கி, கனத்து, நீலம் பாரித்து, தோளிலும் மார்பிலும் தோலடி நாளங்கள் புடைத்துத் தெரிந்தால் சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவக் கூடாது. கட்டி நகர்ந்து சுவாசப்பைக்குப் போகலாம். அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். முதல் சில நாட்களுக்குள் வந்தால் கட்டியைக் கரைக்க வழியிருக்கிறது.


சம்மாந்துறை, மருந்தாளர்

அந்த உருவுகிற வரியைக் கட்டாயம் போடுங்கள். காறையடி நாளம் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். தமிழ்நாட்டு வாசகருக்கு மட்டும் ஒரு குறிப்பு வேண்டும். அவர்கள் இரத்த நாளம் என்றால் எல்லாக் குழாயையும் எடுப்பார்கள்; நாம் கானில் சுரப்பி என்பதை அவர்கள் நாளமில்லாச் சுரப்பி என்பார்கள். அவர்களுக்கு "காறையடிச் சிரை", "காறையடித் தமனி" என்று பின்பக்கத்தில் ஒரு வரி வைத்தால் நம் "காறையடி" அங்கேயும் அப்படியே நடக்கும்.


அக்கரைப்பற்று, உயர்தர உயிரியல் ஆசிரியர்

அதுவும் இந்த வடிவத்தின் பலம்தான்: பின்சொல் மாறினாலும் முன்சொல் மாறத் தேவையில்லை. 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கத்தை முன்னின்று நடத்தியவர் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள். இரு கரைக்கும் ஒரே சொல் என்ற வேலை நம் மண்ணுக்குப் புதிதல்ல.

புணர்ச்சி விதியைப் பட்டியலில் குறித்துவிடுங்கள். காறையடி நாளம்: ஒற்று வராது. காறையடித் தசை, காறையடிச் சிரை: ஒற்று வரும். நாளத்தின் பின்னே வேறு சொல் வந்தால் "காறையடி நாள அடைப்பு", "காறையடி நாள ஒடுக்கம்". "நாளம் அடைப்பு" என்று பிரித்து எழுத வேண்டாம்.


காத்தான்குடி, தாதிய உத்தியோகத்தர்

கைந்நூலில் அக்குள் நாளம் என்றும் ஒரு இடத்தில் வருகிறது. நம் பக்கத்தில் கமக்கட்டு என்றுதான் சொல்வார்கள். வீட்டாருக்கான பக்கத்தில் "கமக்கட்டுப் பக்கத்து நாளம்" என்றும், பயிற்சிக் குறிப்பில் "அக்குள் நாளம்" என்றும் வைக்கலாமா? முன் ஸ்கேலீன் தசைக்கும் இன்னும் தமிழ் வரவில்லை.


மட்டக்களப்பு, உடற்கூற்றியல் கற்பிப்பவர்

கமக்கட்டு இருக்கட்டும் மிஸ், அது நல்ல சொல். ஸ்கேலீன் என்பதற்குக் கிரேக்கத்தில் சமனில்லாத பக்கங்கள் உடையது என்று பொருள். கேத்திர கணித முக்கோணியில் உள்ள அதே சொல். முன், நடு, பின் என்று மூன்று தசைகள் அந்தப் பெயரில் உண்டு. ஆகவே மூன்றுக்கும் சேர்த்துத்தான் பெயர் தேட வேண்டும். அதைத் தனித் தலைப்பில் எழுதுகிறேன்.